'நம்ம ஆளுதான் டீச்சர்!' – வீடு விஷயத்தில் இந்தச் சொல்லை நம்பாதீர்கள்



நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள். நேரமில்லாதவர்கள் கடைசியில் உள்ள பட்டியலையாவது ஒரு தாளில் எழுதிப் பீரோ கதவில் ஒட்டி வையுங்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு என்னிடம் யாரும் வாய்ப்பாடு கேட்டு வருவதில்லை. பத்திரத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். 'டீச்சர், இதை ஒரு தடவை படிச்சுச் சொல்லுங்க' என்கிறார்கள். நான் வக்கீல் அல்ல. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, திருப்பத்தூர் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுத்தவள். எழுதியிருப்பதை எழுதியிருப்பதுபோலப் படிக்கத் தெரியும், கணக்குப் போடத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் இந்த ஊரில் வீட்டுப் பிரச்சினை என்று என்னிடம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த இரண்டைச் செய்திருந்தாலே பிரச்சினை வந்திருக்காது.

ஏன் செய்யவில்லை என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். 'அவரு நம்ம ஆளுதான் டீச்சர்.'

நம்ம ஊர், நம்ம ஜாதி, நம்ம ஜமாத், நம்ம சபை, நம்ம கட்சி, நம்ம சொந்தம், நம்ம கம்பெனியில் வேலை செய்தவர். இந்த 'நம்ம' என்ற சொல் இருக்கிறதே, இதைப்போல நம் ஜனங்களின் பணத்தை விழுங்கிய சொல் வேறு இல்லை. இதே சொல்தான் வாடகைக்கு வீடு தேடி அலைகிறவர் முகத்தில் கதவையும் சாத்துகிறது. உள்ளே இருப்பவரை ஏமாற்றவும், வெளியே நிற்பவரைத் துரத்தவும் ஒரே சொல். இதை இன்று நான் உடைத்துப் பேசத்தான் போகிறேன். கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளுங்கள்.

1. போக்கியம் என்னும் பொறி

நம் பக்கத்தில் வாடகையைவிட 'லீசு'க்குப் போவதைத்தான் கௌரவமாக நினைக்கிறார்கள். மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டியது. வாடகை கிடையாது, வட்டி கிடையாது. இரண்டு மூன்று வருடம் கழித்துக் காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பி வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிற என் மாணவி ஒருத்தி. மகளிர் குழுக் கடன், அடகு வைத்த நகை, பி.எஃப். பணம் எல்லாம் சேர்த்து 4 லட்சம் ரூபாய் கொடுத்துப் போக்கியத்துக்குப் போனாள். வீட்டுக்காரர் அவள் கணவனுக்குச் சித்தப்பா முறை. 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து. ஒன்றரை வருடம் கழித்து ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அந்த வீட்டின் மேல் சித்தப்பா வாங்கிய கடன், அவள் குடிவருவதற்கு மூன்று வருடம் முன்பே வாங்கியது. தவணை கட்டவில்லை. வீடு ஏலத்துக்குப் போகிறது.

'என் 4 லட்சம் இன்னா ஆவுறது?' என்று வங்கியில் போய்க் கேட்டிருக்கிறாள். அவர்கள் அவளிடம் இருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இது எங்களைக் கட்டுப்படுத்தாதும்மா' என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது சட்டப்படி சரி. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி 100 ரூபாய்க்கு மேற்பட்ட அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும். போக்கியமும் ஒருவகை அடமானம்தான். பதிவில்லாத தாள் அந்த வீட்டின்மேல் உங்களுக்கு எந்தப் பிடியும் தராது. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம், அதற்கும் காலக் கெடு உண்டு. முன்னால் அடமானம் பிடித்த வங்கிக்குத்தான் முதல் உரிமை. சித்தப்பாவிடமிருந்து இதுவரை 1 லட்சத்து 20 ஆயிரம் வந்திருக்கிறது. மீதிக்கு அவள் இன்னும் ஓவர்டைம் பார்க்கிறாள்.

போக்கியத்துக்குப் போவதற்கு முன் மூன்றே மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, வீட்டுக்காரரிடம் அசல் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் எங்கே என்று கேளுங்கள். பல நேரம் அது வங்கிப் பெட்டகத்தில் இருக்கும். இரண்டு, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை, செல்போனிலேயே பார்க்கலாம். மூன்று, போக்கியத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள், பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். 'பதிவு செஞ்சா செலவாகும்' என்பார்கள். ஆகும்தான். 4 லட்சத்தைத் தொலைப்பதைவிடக் குறைவாகத்தான் ஆகும். 'பதிவெல்லாம் வேணாம், நம்பிக்கை இல்லன்னா விட்டுடுங்க' என்று வீட்டுக்காரர் முறைத்தால், அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

2. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்னும் மாயை

2019 நவம்பர் 28-இல் திருப்பத்தூர் தனி மாவட்டமானது. அன்றிலிருந்து 'கலெக்டர் ஆபீஸ் மிக அருகில்' என்று பலகை வைக்காத வயல்காடு நம் பக்கம் இல்லை. எங்கே பார்த்தாலும் வண்ணம் அடித்த கல், நாலு கொடி, ஒரு பந்தல். வேனில் ஏற்றிக்கொண்டு போய் பிரியாணி போட்டு, ஒரு கிராம் தங்கக் காசு தருவதாகச் சொல்லி மனை விற்கிறார்கள். 'அப்ரூவல் இருக்கா?' என்று கேட்டால், 'பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குதுங்க' என்கிறார்கள்.

பிள்ளைகளே, ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடம் மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகாது. நம் மாவட்டத்தில் அங்கீகாரம் என்றால் நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டி.டி.சி.பி. கொடுக்கும் அங்கீகாரம். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9-இல் தடை போட்டது நினைவிருக்கும். கல்யாணச் செலவுக்கு மனையை விற்க இருந்தவர்கள் எத்தனை பேர் மாதக் கணக்கில் பதிவாளர் அலுவலக வாசலில் நின்றார்கள்! பிறகு 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான் அந்த வழி. அதற்குப் பிறகு கல் நட்டு, 'அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்' என்று சொல்கிறவன் உங்கள் காதில் பூ சுற்றுகிறான்.

இன்னொரு கணக்கு சொல்கிறேன். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேல் நிலத்தை மனை போட்டு விற்பவர் 'ரெரா'வில் பதிவு செய்ய வேண்டும். 500 சதுர மீட்டர் என்றால் ஏறத்தாழ 5,382 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. வகுத்துப் பாருங்கள், 12 சென்ட் சொச்சம். நம் ஊரில் பலகை வைத்து விற்கிற எந்த மனைப்பிரிவு 12 சென்ட்டுக்குள் இருக்கிறது? ஆகவே விளம்பரத்தில் ரெரா எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரியாணியைக்கூடத் தொடாமல் திரும்பி வாருங்கள். அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. 'மாதம் 1,500 கட்டுங்க, அறுபதாவது மாசம் பத்திரம்' என்று சொல்லும் திட்டங்களை இந்த வரியோடு வைத்துப் பாருங்கள். ஐந்து வருடம் சீட்டுப்போலக் கட்டுகிறீர்கள், கையில் இருப்பது ஓர் அட்டையும் ரப்பர் ஸ்டாம்பும்.

அங்கீகாரம் இருந்தாலும் போதாது. அ-பதிவேட்டில் அந்தப் புல எண் என்ன வகை என்று பாருங்கள். ஏரி உள்வாய், வாய்க்கால் புறம்போக்கு, கோயில் நிலம், வக்பு நிலம், ஆங்கிலேயர் காலத்தில் 1892 முதல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று நிபந்தனையோடு கொடுத்த பஞ்சமி நிலம். இவையெல்லாம் 'நல்ல விலைக்கு' வரும். நல்ல விலைக்கு வருவதே எச்சரிக்கை மணி. பஞ்சமி நிலத்தை வாங்குவது சட்டச் சிக்கல் மட்டுமல்ல, ஏழையின் சோற்றைப் பறிப்பது. என் மாணவர்கள் யாரும் அதைச் செய்யக் கூடாது.

3. 'பத்திரம் ஆயிடுச்சே!'

ஆகிவிட்டால்? சார்பதிவாளர் பதிவு செய்வது கையெழுத்துப் போட்டவர் அவர்தானா, கட்டணம் சரியா என்பதைப் பார்த்துத்தான். விற்றவருக்கு அந்தச் சொத்து உண்மையில் சொந்தமா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை அல்ல. 2025 ஏப்ரலில் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உரிமையைச் சரிபார்க்கும் பொறுப்பு வாங்குகிற உங்களுடையது. பட்டாவும் அப்படித்தான். அது வருவாய்த்துறைக் கணக்கு. 1980-களின் யு.டி.ஆர். அளவையில் பெயர் மாறி விழுந்த பட்டாக்களை வைத்துக்கொண்டு இன்றும் அண்ணன் தம்பி கோர்ட்டில் நிற்கிறார்கள்.

ஆகவே தாய்ப்பத்திரத்திலிருந்து வரிசையாகப் படியுங்கள். குறைந்தது 30 வருட வில்லங்கம் போடுங்கள். வில்லங்கத்தில் எல்லாம் வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பதிவு செய்யாத உயில், வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம், நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு ஆகியவை அதில் இல்லாமல் போகலாம். அதனால்தான் அக்கம்பக்கத்தில் விசாரிக்கச் சொல்கிறேன். தெருமுனை டீக்கடைக்காரருக்குத் தெரிந்தது பல நேரம் வில்லங்கச் சான்றில் இருக்காது.

'பவர்' வாங்கி வீடு வாங்கியதாக நினைக்கிறவர்கள் தனிக் கூட்டம். பொது அதிகாரப் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் அவரோடு போய்விடும். பவர் ஏஜெண்டிடம் வாங்கினால், பவர் கொடுத்தவரை நேரில் பாருங்கள். சவூதியில் இருக்கிறார் என்றால் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுங்கள். பேச வைக்கத் தயங்கினால் காரணம் இருக்கும்.

4. குறைத்து எழுதும் கெட்டிக்காரத்தனம்

30 லட்சத்துக்கு வீடு. வழிகாட்டி மதிப்பு 18 லட்சம். பத்திரத்தில் 18 என்று எழுதி, மீதி 12 லட்சத்தைக் கையில் கொடுப்பது. இதை நம் ஊரில் யாரும் தப்பாகவே நினைப்பதில்லை. புரோக்கர், 'எல்லாரும் செய்யறதுதான்' என்கிறார். கரும்பலகையில் போட்டுப் பார்ப்போம்.

முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. 12 லட்சத்தை மறைத்ததில் மிச்சம் 1,08,000 ரூபாய். சந்தோஷம். சில வருடம் கழித்து அதே வீட்டை 40 லட்சத்துக்கு விற்கிறீர்கள். வாங்குகிறவர் வங்கிக் கடனில் வாங்குகிறார், முழுத்தொகையும் பத்திரத்தில் வருகிறது. உங்கள் லாபம் உண்மையில் 10 லட்சம். காகிதப்படி 22 லட்சம். அந்த அதிகப்படி 12 லட்சத்துக்கு 12.5 சதவீத மூலதன ஆதாய வரி 1,50,000 ரூபாய். 1,08,000-ஐ மிச்சப்படுத்த 1,50,000. என் வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

அது மட்டுமா? 2015 ஜூன் முதல், சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி குற்றம். வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம். விற்பவர்கள் இதைக் கவனியுங்கள். வழக்கு என்று வந்தால் நீங்கள் கையில் கொடுத்த 12 லட்சத்துக்கு சாட்சி யார்? புரோக்கரா? அவர் அன்றைக்கு ஊரில் இருக்க மாட்டார். வங்கிக் கடனும் பத்திரத்தில் உள்ள தொகையை வைத்துத்தான். எழுதுவதை உள்ளபடி எழுதுங்கள்.

நேர்வழியிலேயே சலுகை இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. 10 லட்சத்துக்கு 10,000 ரூபாய். மனைவி பெயரில் எழுத யோசிக்கிற ஆண்பிள்ளைகள் இதற்காகவாவது எழுதுங்கள்.

5. தண்ணீரைக் குடித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

இது நம் மாவட்டத்துக்கே உரிய பாடம். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் வாஸ்து பார்க்கிறார்கள், தண்ணீர் பார்ப்பதில்லை. தோல் தொழில் நமக்குச் சோறு போட்டது, மறுக்கவில்லை. அதே தொழிலின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் என்ன செய்தது என்பதும் ஊரறிந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, நாடு முழுவதும் சட்டக் கல்லூரிகளில் பாடம். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. 28 வருடம் கழித்து, 2025 ஜனவரி 30-இல், அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. தண்ணீர் சரியாகிவிட்டதா என்பதற்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

வீடு பார்க்கப் போகும்போது போரைப் போடச் சொல்லி ஒரு டம்ளர் பிடியுங்கள். டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்தியத் தர அளவின்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. அதற்கு மேல் போனால், வீட்டு விலையோடு ஆயுளுக்கும் கேன் தண்ணீர்ச் செலவைக் கூட்டிக்கொள்ளுங்கள். உப்புத்தண்ணீர் சுவரையும் கம்பியையும் அரிக்கும். மீட்டர் எல்லா மாசையும் காட்டிவிடாது, ஆகவே ஆய்வகத்திலும் கொடுத்துப் பாருங்கள்.

தண்ணீர் இல்லாத கவலை ஒன்று, தண்ணீர் வரும் கவலை ஒன்று. 'வறண்ட ஆறு, வெள்ளமெல்லாம் வராது' என்று கரையோரம் மனை விற்றார்கள். 2021 நவம்பரில் பாலாறு தன் இடம் எது என்று எல்லோருக்கும் காட்டிவிட்டது. அந்த மாதம் தண்ணீர் எதுவரை வந்தது என்று அந்தத் தெருவில் உள்ள பாட்டியைக் கேட்டுவிட்டு மனை வாங்குங்கள்.

6. தங்கச்சி கையெழுத்தும் அம்மாவின் கூரையும்

அடுத்தது சொந்தக்காரர்களுக்கு. சிலருக்குச் சுடும்.

'பொண்ணுங்களுக்குத்தான் சீர் செஞ்சாச்சே' என்று சொல்லி, தங்கச்சியை ஒருநாள் காரில் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, ஒரு பட்டுப்புடவை கொடுத்து அனுப்புகிற வழக்கம் நம் குடும்பங்களில் இருக்கிறது. தமிழ்நாடு 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை கொடுத்த மாநிலம். அன்று கல்யாணம் ஆகாத பெண்களுக்கு மட்டும் என்று இருந்ததை 2005-இல் வந்த மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் விரித்தது. அந்த உரிமை பிறப்பால் வருவது, 2005-இல் அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது கேள்வியே அல்ல என்று 2020 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. இஸ்லாமியக் குடும்பங்களில் அவர்கள் வாரிசுரிமைப்படி மகளுக்குப் பங்கு எப்போதுமே உண்டு. ஆகவே பெண்களே, கொடுக்க விரும்பினால் தெரிந்து கொடுங்கள். என்ன மதிப்பு, என்ன பங்கு என்று கணக்குப் பார்த்து, பத்திரத்தை வீட்டுக்கு எடுத்துவந்து படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாங்குகிறவர்களே, விற்பவருக்கு அக்கா தங்கை இருக்கிறார்களா என்று கேளுங்கள். வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கையெழுத்து வேண்டும்.

அடுத்து, என் வயதுக்காரர்களுக்கு. பிள்ளை பாசத்தில் இருக்கிற ஒரே வீட்டையும் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டு மொட்டை மாடி ஷெட்டுக்குக் குடிபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் திரும்பப் பெற வழி செய்கிறது. ஆனால் அந்த நிபந்தனை பத்திரத்தில் எழுதியிருந்தால் உங்கள் பாடு சுலபம். எழுதாவிட்டால் அலைச்சல். 'உயிருள்ளவரை நான் இந்த வீட்டில் குடியிருப்பேன்' என்ற ஒரு வரியை எழுதுங்கள். அதை எழுதக் கூடாது என்று மகன் சண்டை போட்டால், எழுதாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது உங்களுக்கு அப்போதே தெரிந்துவிடும்.

7. 'நம்ம ஆளுங்களுக்கு மட்டும்'

இப்போது வீட்டுக்காரர்கள் பக்கம் திரும்புகிறேன். என் மாணவர்களில் நிறையப் பேர் இன்று வீட்டுக்காரர்கள். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வீடு கேட்டு வருகிறவரிடம் முதல் கேள்வி 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்கிறீர்களாமே! தோல் ஷாப்பில் வேலை என்றால் 'வாடை வரும்' என்கிறீர்களாம். தனியாக இருக்கும் பெண் என்றால் 'வேணாம்' என்கிறீர்களாம். முஸ்லிம் தெருவில் இந்துவுக்கு யோசனை, இந்து தெருவில் முஸ்லிமுக்குக் கதவே கிடையாது, காலனிப் பிள்ளை என்று தெரிந்தால் 'இப்பதான் வேற ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்' என்ற பொய்.

என் வகுப்பில் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே சத்துணவைத் தின்றவர்கள்தானே நீங்கள்? பக்கத்தில் உட்கார்ந்து உன் நோட்டைப் பார்த்து எழுதினவனுக்கு இன்று உன் மாடி வீட்டில் இடமில்லையா? தோல் வாடை வேண்டாம், தோல் தொழிலால் ஓடுகிற ஊரின் வாடகை மட்டும் வேண்டும் என்பது என்ன நியாயம்? இதைத் தடுக்க ஒரு சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இது நீங்களே இன்றைக்கே நிறுத்தக்கூடியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த 'நம்ம ஆளை'த் தேடிப் பிடித்து வைத்த வீட்டுக்காரர்கள்தான் என்னிடம் அதிகம் புலம்புகிறார்கள். 'ஆறு மாசமா வாடகை குடுக்கல டீச்சர், சொந்தக்காரன், ஒண்ணும் சொல்ல முடியல.' ஒப்பந்தம் இருக்கிறதா? இல்லை. ரசீது? இல்லை.

1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டம் போய், 2019 பிப்ரவரி 22 முதல் புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாட்களுக்குள் வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். முன்பணம் மூன்று மாத வாடகைதான் அளவு. இரண்டு தரப்பும் வேறு விதமாக உடன்பட்டு எழுதினால் மட்டுமே அதற்கு மேல். பத்து மாத அட்வான்ஸ் கேட்பவரிடம் இதைச் சொல்லுங்கள். தகராறு என்று தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தினால் குடியிருப்பவர் ஆணையத்தில் முறையிடலாம். ஒப்பந்தம் எழுதாமல் இருப்பது வீட்டுக்காரருக்கும் ஆபத்து, குடியிருப்பவருக்கும் ஆபத்து. தாள் இல்லாத குடித்தனத்தைக் காலி செய்யச் சொல்ல அதுவே ஒரு காரணமாகலாம். குடியிருப்பவர்களே, வாடகையை வங்கி வழியாகக் கொடுங்கள். குடிபுகும் நாளில் சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது 'பெயிண்டிங்' என்று சொல்லி அட்வான்ஸைப் பிடிக்க முடியாது.

'எல்லாரையும் சந்தேகப்படச் சொல்றீங்களா டீச்சர்?'

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். கேட்கிறவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. கைமாற்று, கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் நம் ஊர் நம்பிக்கையில்தான் ஓடுகிறது. தாள் கேட்டால் உறவு முறிந்துவிடும் என்று பயப்படுகிறோம்.

நான் பார்த்தது நேர்மாறு. தாள் இருந்த இடத்தில் உறவு இருக்கிறது. தாள் இல்லாத இடத்தில்தான் அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தங்கச்சி போவதில்லை. எழுதிக் கொடுப்பது சந்தேகத்துக்கு அல்ல, மறதிக்கு. ஐந்து வருடம் கழித்து என்ன பேசினோம் என்று இருவருக்கும் ஞாபகம் வேறு வேறாக இருக்கும். இருவரும் பொய்யர்கள் அல்ல. அப்போது தாள் பேசும், நாம் சண்டை போட வேண்டியதில்லை. நேர்மையான ஆள் எழுதிக் கொடுக்கக் கூச்சப்பட மாட்டார்.

அரசாங்கத்தையும் விடப் போவதில்லை. 9 சதவீதம் என்பது கூலிக்காரருக்குப் பெரிய சுமை. சின்னப் போக்கியங்களைக் கொஞ்சக் கட்டணத்தில் பதிய வழி செய்தால் எத்தனையோ தொழிலாளிப் பெண்களின் சேமிப்பு பிழைக்கும். வாடகை ஆணையம் என்று ஒன்று இருப்பதே நம் ஊரில் பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு தாலுகா அலுவலகத்திலும் தமிழில் ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகும்? கேட்க வேண்டிய இடத்தில் நாம் கேட்க வேண்டும்.

பீரோ கதவில் ஒட்ட வேண்டியது

1. அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் இல்லை.
2. 30 வருட வில்லங்கம், தாய்ப்பத்திரம், பட்டா, அ-பதிவேடு, புலப்படம். ஐந்தும் ஒரே புல எண்ணையும் ஒரே அளவையும் சொல்கின்றனவா?
3. மனை என்றால் டி.டி.சி.பி. எண், ரெரா எண். இரண்டையும் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள்.
4. விற்பவரின் வாரிசுகள் எல்லோர் கையெழுத்தும், பெண்கள் உட்பட.
5. விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அது கட்டாயம்.
6. பணம் வங்கி வழியாக மட்டும். பத்திரத்தில் உண்மை விலை.
7. தண்ணீரைக் குடித்துப் பார்க்கவும். 2021 வெள்ளம் எதுவரை வந்தது என்று கேட்கவும். ஒரு முறை பகலில், ஒரு முறை இரவில், ஒரு முறை மழையில் போய்ப் பார்க்கவும்.
8. போக்கியம் என்றால் பதிவு. வாடகை என்றால் எழுத்து ஒப்பந்தம்.
9. வக்கீல் கட்டணம் வீண் செலவல்ல. புரோக்கர் சொல்லும் வக்கீல் வேண்டாம், நீங்கள் தேடும் வக்கீல் வேண்டும்.
10. 'இன்னிக்கே முடிவு பண்ணலன்னா வேற பார்ட்டி இருக்கு' என்றால், வேறு பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும்.

ஒரு மனிதர் வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோதான் வீடு வாங்குகிறார். விற்கிறவனும் புரோக்கரும் அதைத் தினமும் செய்கிறார்கள். நீங்கள் முதல்தடவை எழுதுகிற பரீட்சையை அவர்கள் நூறு தடவை எழுதியவர்கள். அதனால்தான் படித்துவிட்டுப் போகச் சொல்கிறேன்.

சந்தேகம் இருந்தால் பத்திரத்தோடு வீட்டுக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் வாருங்கள், கொடுத்த பிறகு அல்ல. அந்த ஆம்பூர் பெண்ணின் கதையைப் படித்த யாராவது தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் வக்கீலாக இருந்தால், எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். அவளுக்கு இன்னும் 2 லட்சத்து 80 ஆயிரம் வர வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்,
திருப்பத்தூர்.